பூட்டிய பெட்டிகளின் குடித்தனக்காரர்கள்

1

அனகாபுத்தூரில் ஏதாவது ஒரு சாதாரண வீட்டுக்குள் போய் எண்ணிப் பாருங்கள். சுவரில் ஸ்மார்ட் டிவி. அதன் கீழே கேபிள் செட்டாப் பாக்ஸ். ஜன்னலுக்கு மேலே ஃபைபர்காரர் ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போன ரவுட்டர். வாசலில் வண்டிக்குக் காவலாக ஒரு கேமரா. வீட்டில் எத்தனை பேரோ அத்தனை ஆண்ட்ராய்டு போன். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குள் ஓடுவது லினக்ஸ். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்து வெளியிடப்பட்ட மென்பொருள்.

ஆனால் அந்த வீட்டுக்காரரால் அதில் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது. காசு கொடுத்து வாங்கிய பெட்டியில் அவர் குடித்தனக்காரர். சென்னைப் புறநகரில் வாடகைக்கு இருந்தவர்களுக்கு இது புரியும். ஆணி அடிக்க ஓனரைக் கேட்கணும், தண்ணி மோட்டார் போட ஓனரைக் கேட்கணும். அங்கேயாவது ஓனர் மாடியில் இருப்பார், போய்ச் சண்டை போடலாம். இங்கே ஓனர் எந்த நாட்டில் இருக்கிறார் என்றே தெரியாது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஒரு கருவியின் ஃபர்ம்வேரை மூலநிரலிலிருந்து நாமே கட்டி ஏற்ற முடியாதவரை அந்தக் கருவி நம்முடையது இல்லை. இதைச் சொன்னால் “அது ஹாபிக்காரங்க வேலை ப்ரோ” என்று சிரிக்கிறார்கள். எம்பெடட் கோர்ஸ் முடித்தவர்களும் சிரிக்கிறார்கள், கல்லூரியில் பாடம் எடுப்பவர்களும் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பில்தான் எனக்குத் தகராறு.

2

முதலில் மிரட்சியைக் கழட்டி வைப்போம். ஃபர்ம்வேர் கட்டுவது ராக்கெட் வேலை இல்லை. பீகிள்போன் பிளாக் என்று ஒரு போர்டு, 2013-ல் வந்தது. உள்ளங்கையில் அடங்கும். 1 கிகாஹெர்ட்ஸ் ஏ.ஆர்.எம். செயலி, 512 எம்பி நினைவகம். அதன் சர்க்யூட் வரைபடமே பொதுவில் கிடைக்கிறது என்பதால் உதாரணத்துக்கு அதை எடுத்துக்கொள்கிறேன்.

கரண்ட் கொடுத்ததும் சிப்புக்குள்ளேயே பொறித்து வைத்த ஒரு சிறு நிரல் எழுந்துகொள்ளும். அது உள் நினைவகத்திலோ எஸ்டி கார்டிலோ எம்.எல்.ஓ. என்ற சின்னக் கோப்பைத் தேடி எடுத்து ஓட்டும். எம்.எல்.ஓ.வின் வேலை வெளி நினைவகத்தைத் தயார்செய்து யூ-பூட் என்கிற பெரிய பூட்லோடரை ஏற்றுவது. யூ-பூட் கெர்னலை எடுத்து வைக்கும். கூடவே, இந்தப் போர்டில் எந்த முகவரியில் எந்தச் சாதனம் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லும் டிவைஸ் ட்ரீ கோப்பையும் வைக்கும். பிறகு கெர்னலிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடும். கெர்னல் ரூட் ஃபைல் சிஸ்டத்தைத் திறந்து முதல் புரோகிராமை ஓட்டும். அதற்குப் பிறகுதான் திரையில் நமக்கு லாகின் தெரியும்.

அவ்வளவுதான் சங்கிலி. பூட்லோடர், கெர்னல், டிவைஸ் ட்ரீ, ரூட் ஃபைல் சிஸ்டம். இந்த நான்கையும் நம் லேப்டாப்பில் கம்பைல் செய்ய ஒரு கிராஸ் கம்பைலர் வேண்டும். ஏனென்றால் லேப்டாப்பின் செயலி பேசும் பாஷை வேறு, போர்டின் செயலி பேசும் பாஷை வேறு. இது அத்தனையையும் ஒரே கூடாரத்தில் கொண்டுவர பில்ட்ரூட் இருக்கிறது. 2001-லிருந்து இருக்கிறது. பீகிள்போனுக்கான அமைப்புக் கோப்பு அதற்குள்ளேயே உண்டு. அதை ஏற்று, மெனுவில் வேண்டியதைத் தேர்ந்தெடு, மேக் என்று தட்டு. மூன்று கட்டளை. பழைய லேப்டாப் என்றால் முதல்முறை சில மணி நேரம் ஓடும். அதற்குள் சமைத்துச் சாப்பிட்டு ஒரு தூக்கமும் போடலாம். தேவையானதை மட்டும் வைத்துக் கட்டினால் கெர்னலோடு சேர்த்து மொத்தமும் ஒரு வாட்ஸ்அப் வீடியோ அளவுக்குள் அடங்கிவிடும்.

போர்டில் என்ன நடக்கிறது என்று பார்க்க ஒரு யுஎஸ்பி சீரியல் கேபிள். ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய். கிரவுண்ட், டிஎக்ஸ், ஆர்எக்ஸ் என்று மூன்று கம்பி. வேகம் 115200. முதல் தடவை தான் கட்டிய கெர்னல் வரிவரியாக எழுந்து வருவதை அந்தக் கறுப்புத் திரையில் பார்க்கிறவருக்கு ஒன்று மட்டும் புரியும்: இந்தப் பெட்டிக்குள்ளே மாயம் எதுவும் இல்லை. யாரோ எழுதியது, யாரோ கட்டியது, நானும் கட்டலாம்.

இந்தப் புரிதலைத்தான் நம் பொறியியல் கல்வி தரத் தவறுகிறது. பல்லாவரத்திலிருந்து வண்டலூர்வரை ஜிஎஸ்டி சாலையை ஒட்டிப் பொறியியல் கல்லூரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. எம்பெடட் லினக்ஸ் என்று பாடமும் இருக்கிறது. நடப்பது என்ன? யாரோ கட்டி வைத்த இமேஜை டவுன்லோட் செய்து எஸ்டி கார்டில் எழுதுகிறார்கள். அதன்மேல் நாற்பது வரி பைத்தான். ஒரு எல்இடி எரிகிறது, ஒரு மோட்டார் சுற்றுகிறது, மார்க் விழுகிறது. அதையும் ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கிவந்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஹோட்டலில் இட்லி வாங்கிவந்து சமையல் போட்டியில் வைப்பது மாதிரி. மாவு எங்கே அரைத்தது என்று நடுவரும் கேட்பதில்லை.

3

“சரி, கட்டத் தெரியலைன்னா என்ன குடி முழுகிப் போகுது?” என்று கேட்பீர்கள். அனகாபுத்தூரில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. இங்கே குடி முழுகியிருக்கிறது.

2015 டிசம்பர் 1 இரவு. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடிவரை திறந்ததாக அரசுக் கணக்கு. ஏரித் தண்ணீரோடு வழியெல்லாம் சேர்ந்த தண்ணீரும் அடையாற்றில் வந்தது. அனகாபுத்தூர் அந்த ஆற்றின் கரை. தண்ணீர் வந்தது ஒரு கஷ்டம் என்றால், யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாமல் போனது இன்னொரு கஷ்டம். கரண்ட் போனது, செல்போன் டவர்கள் போயின. அடுத்த தெருவில் இருக்கிற அத்தை மாடி ஏறிவிட்டாரா இல்லையா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது தென்சென்னைப் புறநகரில் இதே கதை பல இடங்களில் திரும்ப நடந்தது.

இப்போது அந்த ஜன்னல்மேல் இருக்கும் ரவுட்டருக்கு வாருங்கள். அதற்குள் ஒரு ரேடியோ இருக்கிறது. ரவுட்டரும் ரவுட்டரும் நேரடியாகப் பேசி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தியைத் தாண்டிவிடும் மெஷ் முறை லினக்ஸ் கெர்னலில் 2008-லிருந்து இருக்கிறது. பேட்மேன் என்ற இன்னொரு மெஷ் முறை 2011-ல் கெர்னலுக்குள் வந்துவிட்டது. பல ரவுட்டர்களுக்கு வேண்டியது 12 வோல்ட் மின்சாரம். பைக் பேட்டரி தருவதும் அதுதான். தெருவுக்கு நாலைந்து மாடிகளில் மெஷ் ஃபர்ம்வேர் ஏற்றிய ரவுட்டரும் பேட்டரியும் இருந்தால், இன்டர்நெட் செத்துப் போனாலும் அந்தத் தெருக்களுக்குள் செய்தி ஓடும். “மூணாவது மாடியில் பாட்டி இருக்காங்க, இன்சுலின் வேணும்” என்ற ஒரு வரி ஓடும்.

மிகைப்படுத்தவில்லை. எல்லா ரேடியோ சிப்பும் இதற்கு ஒத்துழைக்காது. நடுவில் இரண்டு மாடி அணைந்தால் சங்கிலி அறுந்துவிடும். வீட்டு ரவுட்டரின் வீச்சு சில வீடுகளைத் தாண்டாது. இதனால் வெள்ளம் நிற்கப் போவதும் இல்லை. ஆனால் இதைக் கற்பனை என்று தள்ள முடியாது. தர்மசாலாவில் ஏர்ஜல்தி குழுவினர் 2005 வாக்கில், மாற்றிய ஃபர்ம்வேர் ஏற்றிய மலிவான லிங்க்சிஸ் ரவுட்டர்களை வைத்து இமயமலைச் சரிவில் மெஷ் வலை கட்டினார்கள். ஜெர்மனியில் ஃப்ரைஃபுங்க் என்ற தன்னார்வக் குழுக்கள் ஊர் ஊராகச் செய்கின்றன. அங்கே ரவுட்டரைத் திறக்க முடிந்தது, அதனால் முடிந்தது.

எங்கள் தெருவில் ஒரு நிறுவனம் மாட்டிய ரவுட்டரைக் கழற்றி சீரியல் கேபிள் போட்டுப் பார்த்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், எல்லோரும் அப்படித்தான். உள்ளே கெர்னல் 3.10. அது வெளியானது 2013-ல், அதன் பராமரிப்பை கெர்னல்காரர்கள் நிறுத்தியது 2017-ல். பூட்லோடர் பாஸ்வேர்டு கேட்டது. மெஷ் வசதி கம்பைல் செய்யும்போதே நீக்கப்பட்டிருந்தது. அந்தச் சிப்பால் முடியும். அந்தக் கெர்னலாலும் முடியும். தேர்ந்தெடுக்கும் மெனுவில் ஒரு டிக் போடாமல் யாரோ விட்டிருக்கிறார். அந்த டிக்கைப் போடும் உரிமை, தண்ணீருக்குள் நிற்கப் போகிறவனுக்கு இல்லை.

4

உரிமை இல்லை என்பதுகூட முழு உண்மை இல்லை. எழுத்தில் இருக்கிறது.

லினக்ஸ் கெர்னல் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின் கீழ் வருகிறது. 1991-ல் எழுதப்பட்ட உரிமம். அதன் சாரம் எளிது. இந்த மென்பொருளைக் கருவியில் போட்டு விற்கிறாயா, தாராளமாக விற்றுக்கொள். ஆனால் வாங்குகிறவருக்கு அதன் முழு மூலநிரலையும் கொடு. கம்பைல் செய்யவும் நிறுவவும் பயன்படும் ஸ்கிரிப்டுகளையும் சேர்த்துக் கொடு. கூடவே கொடுக்காவிட்டால், கேட்டால் தருகிறேன் என்று குறைந்தது மூன்று ஆண்டு செல்லும் எழுத்து உறுதியாவது கொடு.

உங்கள் டிவியின் செட்டிங்ஸில் ‘சட்டத் தகவல்’ மாதிரி ஒரு மூலை இருக்கும். திறந்தால் முடிவே இல்லாமல் ஆங்கிலத்தில் ஓடும். அதற்குள்தான் இந்த வாக்குறுதி ஒளிந்திருக்கிறது. அந்த முகவரிக்கு எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. வந்தால் பாதி நிரல் வரும். கம்பைல் ஸ்கிரிப்ட் இருக்காது. எல்லாம் இருந்து நீங்கள் கட்டி முடித்தாலும், கம்பெனிச் சாவியால் கையெழுத்திடாத ஃபர்ம்வேர் என்று பெட்டி அதை ஓட்ட மறுக்கும். இந்தக் கடைசித் தந்திரத்துக்காகவே ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு 2007-ல் வந்தது. கெர்னல் அந்தப் பதிப்புக்கு மாறவில்லை.

கேட்டு வாங்கியவர்கள் இருக்கிறார்கள், அதுதான் முக்கியம். லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரவுட்டர் 2002 டிசம்பரில் சந்தைக்கு வந்தது. அதற்குள் லினக்ஸ் இருப்பதை 2003-ல் சிலர் கண்டுபிடித்து, மூலநிரல் எங்கே என்று பொதுவெளியில் கேட்டார்கள். அதே சமயத்தில் லிங்க்சிஸை வாங்கியிருந்த சிஸ்கோ மாட்டிக்கொண்டது. அந்த நிரல் சிஸ்கோ எழுதியது இல்லை, லிங்க்சிஸ் எழுதியதும் இல்லை. சிப் கொடுத்த பிராட்காம் வழியாக, தைவானில் ஒரு துணை நிறுவனத்திலிருந்து வந்தது. கையிலிருந்து கைக்கு மாறி வந்ததில் கடைசியில் விற்றவருக்கே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. அழுத்தம் தாங்காமல் அந்த ஆண்டே நிரலை வெளியிட்டார்கள். அதிலிருந்து 2004-ல் பிறந்ததுதான் ஓப்பன்டபிள்யூஆர்டி. இன்று நூற்றுக்கணக்கான ரவுட்டர் மாடல்களுக்கு யார் வேண்டுமானாலும் சொந்த ஃபர்ம்வேர் கட்டிக்கொள்ள முடிவது, அன்று சிலர் வாயைத் திறந்து கேட்டதால்தான்.

கதையில் இன்னொரு திருப்பமும் உண்டு. 2005-ல் அந்த மாடலின் ஐந்தாம் பதிப்பில் நினைவகத்தைப் பாதியாகக் குறைத்து லினக்ஸைத் தூக்கிவிட்டார்கள். வாங்குகிறவர்கள் முகம் சுளித்தார்கள். லினக்ஸ் உள்ள பழைய வடிவத்தையே ஜிஎல் என்று பெயர் சேர்த்து மறுபடி விற்க வேண்டியதாயிற்று. அந்த ஜிஎல் பத்து ஆண்டுகளுக்கு மேல் விற்றது. திறந்த பெட்டிக்குச் சந்தை இல்லை என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும்.

அமெரிக்காவில் 2021-ல் ஒரு வழக்கு தொடங்கியது. சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி என்ற அமைப்பு விஸியோ டிவிகளை வாங்கிவிட்டு, வாடிக்கையாளர் என்ற முறையில் எனக்கு மூலநிரல் வேண்டும் என்று நீதிமன்றம் போனது. நிரல் எழுதியவர் கேட்பதற்கும், டிவி வாங்கியவர் கேட்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. நம் ஊரில் ஒரு மிக்ஸி ரிப்பேரானால் நுகர்வோர் மன்றம் போகும் அளவுக்கு விவரமான ஆட்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். அவரிடம் யாராவது இதைச் சொல்லியிருக்கிறோமா?

5

தனியார் பெட்டியைவிட எனக்குக் கோபம் வருவது பொதுப் பணத்தில் வாங்கும் பெட்டிகளைப் பார்த்து.

தமிழ்நாட்டுக்கு இந்த விஷயத்தில் நல்ல தொடக்கம் இருந்தது. அனகாபுத்தூருக்கு அந்தப் பக்கம், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்து ஏ.யு-கே.பி.சி. ஆய்வு மையத்தில், கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் 2005-ல் செயல்படத் தொடங்கியது. அந்த முயற்சியின் பகுதியாகச் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-ல் வந்தது. அதே காலத்தில் உமாசங்கர் பொறுப்பிலிருந்த எல்காட் தன் அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸுக்குப் பக்கத்தில் பாஸ் லினக்ஸும் வந்தது. மத்திய அரசு 2015-ல் திறந்த மூல மென்பொருளை ஏற்பதற்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. காகிதத்தில் குறை சொல்ல முடியாது.

ஆனால் இவை எல்லாமே மேசைமேல் இருக்கும் கணினியோடு நின்றுவிட்டன. செட்டாப் பாக்ஸ், வகுப்பறைக் கருவி, தெருக் கேமரா, மீட்டர் என்று வந்தபோது ‘இது எலக்ட்ரானிக் சாமான்’ என்று டெண்டர் போட்டார்கள். உள்ளே கணினி இருக்கிறது என்பதே யாருக்கும் உறைக்கவில்லை.

அது உறைத்திருக்க வேண்டிய ஒரு நாள் வந்தது. 2022 நவம்பர் 19. அரசு கேபிள் டிவி திடீரென நின்றது. தனியாரின் ஆதிக்கத்துக்கு மாற்றாக, ஏழை வீட்டுக்கும் குறைந்த கட்டணத்தில் சேனல் கிடைக்க வேண்டும் என்று அரசு நடத்தும் நிறுவனம். பெட்டிகளை இலவசமாகக் கொடுத்த நிறுவனம். லட்சக்கணக்கான வீடுகளில் திரை கறுத்தது. மென்பொருள் வழங்கிய தனியார் நிறுவனம் வேண்டுமென்றே சேவையை முடக்கிவிட்டது என்று அரசுத் தரப்பு சொன்னது, போலீஸில் புகார் போனது. அந்தத் தகராறில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. பெட்டிக்குள் இருந்த ஃபர்ம்வேர் பழுதானதாகவும் நான் சொல்லவில்லை. நான் கேட்பது வேறு. வயர் அரசுடையது, நிறுவனம் அரசுடையது, பெட்டி மக்கள் பணத்தில் வாங்கியது. இவ்வளவும் நம் பக்கம் இருந்தும் சுவிட்ச் இன்னொருவர் கையில் இருந்தது எப்படி? ஒரு ஒப்பந்தச் சண்டை வந்தால், கட்டளையை நம் ஆட்களே எடுத்து நடத்த முடியாத நிலையில் எதற்குக் கையெழுத்துப் போட்டார்கள்?

போலீஸ் புகார் ஒரு நிறுவனத்துக்கு எதிராகப் போகலாம். மூலநிரலும் கட்டும் முறையும் சாவியும் நம்மிடம் இல்லை என்ற நிலைக்கு எதிராக எந்த ஸ்டேஷனில் புகார் கொடுப்பது?

6

அனகாபுத்தூர் நெசவாளர் ஊர். இங்கே நெய்த மெட்ராஸ் கைக்குட்டைத் துணி ஒரு காலத்தில் நைஜீரியாவரை போனது. அந்தச் சந்தை மூடியபோது ஊர் அடி வாங்கியது. அப்புறம் இதே ஊரில் சணல் நெசவாளர் சங்கத்தினர் வாழைநார், கற்றாழை, மூங்கில் என்று இயற்கை நார்களில் சேலை நெய்து காட்டினார்கள். 25 வகை நார் சேர்த்து நெய்த சேலை லிம்கா சாதனைப் புத்தகம்வரை போனது.

இது எப்படி முடிந்தது? பருத்திக்கென்று இருந்த தறியில் வாழைநாரை அப்படியே போட்டால் அறுந்துவிடும். நாரைப் பதப்படுத்தணும், பாவின் இழுவையைத் தளர்த்தணும், அச்சை மாற்றணும், நாடா ஓடும் வேகத்தைக் கைக்குப் பழக்கணும். தறியைத் திறந்து பார்த்து, இது ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்கத் தெரிந்தவர்களால் இது முடிந்தது. தறி செய்த கம்பெனி அதைச் சீல் வைத்து, பருத்தி தவிர வேறு நூல் போட்டால் நின்றுவிடும்படி செய்திருந்தால், சந்தை மூடிய அன்றே அந்தத் தறி விறகாகியிருக்கும்.

நம் பெட்டிகள் அப்படித்தான் விறகாகின்றன. கம்பெனி அப்டேட்டை நிறுத்தியதும், நன்றாக ஓடும் சிப் குப்பைக்குப் போகிறது. ரவுட்டர், செட்டாப் பாக்ஸ், பழைய டேப்லெட் எல்லாம் காயலான் கடையில் கிலோ கணக்கில் கிடக்கின்றன. அதில் பாதியை ஒரு தெருவின் மழைமானியாகவோ, பள்ளிக்கூட நூலகத்தின் சர்வராகவோ மாற்றலாம். ஃபர்ம்வேர் கட்ட விட்டால்.

உற்பத்தியைப் பார்த்தால் இன்னும் வயிறு எரியும். தாம்பரத்தில் மெப்ஸ் 1984-லிருந்து இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் நோக்கியா ஆலை திறந்தது, 2014-ல் மூடியது. ஆயிரக்கணக்கான பெண்கள் ஷிஃப்ட் பஸ்ஸில் போய்ப் போன்களைப் பூட்டினார்கள். மூடிய அன்று அவர்களிடம் மிஞ்சிய தொழில்நுட்பம் என்ன? ஸ்க்ரூ டிரைவர் பிடித்த கைவேகம். இன்று வேறு பெயர்ப் பலகைகளோடு அதே சாலையில் அதே வேலை நடக்கிறது. ‘உலகத்துக்கே நாம் போன் செய்கிறோம்’ என்கிறோம். உள்ளே ஓடும் நிரலைக் கட்டுகிறவர் நாம் இல்லை என்றால், பாவு ஓட்டிக் கொடுத்துவிட்டுச் சேலையைக் கண்ணால் பார்க்காத கூலிக்காரர்தான் நாம்.

முடியாது என்று இல்லை. ஐஐடி மெட்ராஸில் காமகோடி தலைமையிலான குழு சக்தி என்ற செயலியைத் திறந்த வடிவமைப்பாகச் செய்தது. அந்தச் சிப் 2018-ல் லினக்ஸை ஓட்டியது. செயலியையே வரைந்து எழுப்பிய நகரத்தில், அதன்மேல் ஓட ஒரு இமேஜ் கட்டத் தெரியாமல் பட்டம் வாங்குவது வெட்கம் இல்லையா?

7

எதிர்வாதங்களைப் பார்த்துவிடுவோம்.

“திறந்தால் ஹேக் ஆகும்.” 2016-ல் மிராய் என்ற நச்சு நிரல் லட்சக்கணக்கான மலிவுக் கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்து, அக்டோபர் 21 அன்று உலகின் பெரிய தளங்கள் பலவற்றை மணிக்கணக்கில் முடக்கியது. அந்தப் பெட்டிகள் எதுவும் திறந்தவை இல்லை. எல்லாம் பூட்டியவைதான். யாராலும் மாற்ற முடியாத, ஊருக்கே தெரிந்த பாஸ்வேர்டுகளோடு விற்கப்பட்டவை. வீட்டுக்காரரிடம் சாவி இல்லை, திருடனிடம் இருந்தது.

“ரேடியோ விதிகளை மீறிவிடுவார்கள்.” அலைவரிசை, சக்தி இவற்றுக்கு வரம்பு வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். அந்த வரம்பை மட்டும் பூட்டு. அதைச் சாக்காக வைத்து மொத்தப் பெட்டியையும் பூட்டாதே. அமெரிக்காவில் டிபி-லிங்க் நிறுவனம் 2016-ல் ரேடியோ ஆணையத்தோடு செய்துகொண்ட சமரசத்தில், அபராதமும் கட்டி, வெளியார் ஃபர்ம்வேருக்கு வழிவிடவும் ஒப்புக்கொண்டது. விதி காக்கும் ஆணையமே இரண்டும் சேர்ந்து சாத்தியம் என்றுதான் நினைத்தது.

“முழுசாக மூலத்திலிருந்து கட்டவே முடியாது, வைஃபை சிப்புக்கு மூடிய கோப்பு வேணும். ராஸ்பெர்ரி பை எழும்புவதே மூடிய நிரலில்தான்.” உண்மை. தொண்ணூறு சதம் நமக்குத் தெரியும், பத்து சதம் தெரியாது என்று அடையாளம் காட்ட முடிகிறதே, அதுவே கட்டிப் பார்த்ததன் பலன். கட்டாதவருக்கு நூறும் இருட்டு.

“சாதாரண ஜனங்க யாரு சார் கம்பைல் பண்ணப் போறாங்க?” யாரும் போக வேண்டாம். நம்மில் எத்தனை பேர் பைக் இன்ஜினைப் பிரிக்கிறோம்? ஆனால் பம்மல் மெயின் ரோட்டில் ஒரு மெக்கானிக் பிரிப்பார் என்ற நம்பிக்கையில்தான் பழைய வண்டியை வாங்குகிறோம். எல்லோரும் கட்டத் தேவையில்லை. கட்டத் தெரிந்த ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும், அவர் கையைக் கட்டக் கூடாது.

8

கேட்க வேண்டியவை பெரிய விஷயங்கள் இல்லை.

பொதுப் பணத்தில் வாங்கும் எந்தக் கருவிக்கும் டெண்டரிலேயே ஒரு பிரிவு வேண்டும். ஜிபிஎல் கேட்கும் மூலநிரலும் கட்டும் ஸ்கிரிப்டும் பொதுவில் வைக்கப்பட வேண்டும். மற்ற நிரலும் கையெழுத்துச் சாவியும் வாங்கும் துறையிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். ஒப்படைத்த நிரலை அரசின் ஆட்களே ஒருமுறை கட்டி, ஒரு பெட்டியில் ஏற்றி, அது ஓடுவதைப் பார்த்த பிறகுதான் பணம் போக வேண்டும். ரோடு போட்டால் அளந்துவிட்டுத்தானே பில் பாஸ் செய்கிறார்கள்?

கல்லூரியில் எம்பெடட் ப்ராஜெக்ட்டுக்கு மதிப்பெண் போடுமுன், மாணவர் கொடுத்த ஸ்கிரிப்டை வெறும் கணினியில் ஓட்டி இமேஜ் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் மார்க் இல்லை. ப்ராஜெக்ட் சென்டர் வியாபாரம் அடுத்த செமஸ்டரே படுத்துவிடும்.

தாம்பரம் மாநகராட்சி 2021-ல் வந்தபோது அனகாபுத்தூர், பம்மல், பல்லாவரம் எல்லாம் அதற்குள் சேர்ந்தன. வெள்ளத்துக்கு முந்தைய மாதங்களில் மண் மூட்டை கணக்கெடுக்கிற மாதிரி, பள்ளி மாடிகளில் நான்கு மெஷ் ரவுட்டரும் பேட்டரியும் வைத்துச் சோதித்துப் பார்க்க இந்த மாநகராட்சியால் முடியும். தாம்பரம் பக்கம் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு மாதிரி சம்பளமில்லாமல் சொல்லித்தரும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆள் இல்லை என்று சொல்ல முடியாது.

வாசிக்கிற உங்களிடம் கேட்பது இன்னும் சின்னது. இந்த வாரம் உங்கள் வீட்டு ரவுட்டரைத் திருப்பி, அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் படியுங்கள். ஓப்பன்டபிள்யூஆர்டி பட்டியலில் அது இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் ஒரு பழைய ரவுட்டரில் கட்டி ஏற்றிப் பாருங்கள். இல்லாவிட்டால் அதை விற்றவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: உங்கள் பெட்டியில் லினக்ஸ் இருக்கிறது, அதன் மூலநிரலையும் கட்டும் ஸ்கிரிப்டையும் அனுப்புங்கள் என்று. தமிழிலேயே எழுதுங்கள். பதில் வராது என்று எனக்கும் தெரியும். பத்தாயிரம் கடிதத்துக்குப் பதில் சொல்லாமல் இருப்பது ஒரு கடிதத்துக்குப் பதில் சொல்லாமல் இருப்பது போல அவர்களுக்குச் சுலபமாக இருக்காது. அடுத்த டிசம்பருக்கு இன்னும் எத்தனை மாதம் என்று எண்ணிக்கொண்டு எழுதுங்கள்.